தப்பித்தவரெல்லாம் புண்ணியவானா?

"புருஷன் அந்த நோவுல செத்துப் போனானாம். பொண்டாட்டியச் சோதிச்சுப் பாத்தா ஒண்ணும் இல்லையாம். அது எப்பிடி சார்வாள்?"

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் புளியங்குடிப் பக்கம் இந்தக் கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். நான் விலங்கியல் வாத்தியார் என்பதால் என்னிடம் வருவார்கள். மதுரையிலிருந்து கொல்லம் போகிற ரோட்டில் இருக்கிற ஊர் இது. எலுமிச்சை மூடை ஏற்றிய லாரிகள் கேரளாவுக்குப் போகும், வரும். எந்த டிரைவராவது கொஞ்சம் மெலிந்துவிட்டால் போதும், ஊர் வாயை மூட முடியாது.

கேட்கிறவர்கள் பதிலையும் கையோடு கொண்டு வருவார்கள். ஒரு கட்சி, "அவ உத்தமி, சாமி காப்பாத்திட்டு" என்னும். இன்னொரு கட்சி, "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம்லா" என்று கண்ணைச் சிமிட்டும். மனைவிக்கும் இருந்துவிட்டாலோ, "அவ எப்பிடியோ" என்று மூன்றாவது கட்சி கிளம்பும். ஆக, அந்தப் பெண்ணுக்கு நோய் இருந்தாலும் பேச்சு, இல்லாவிட்டாலும் பேச்சு.

இந்தப் பேச்சு முழுவதுமே தப்பு என்பது என் கருத்து. ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுவதும் தொற்றாமல் போவதும் அவருடைய குணத்துக்குக் கொடுக்கப்படும் மார்க் அல்ல. இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. நம் ரத்த அணுவுக்குள் எழுதியிருக்கிற சங்கதியை வைத்தே சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, நோய் எதிர்ப்புக்குத் தளபதி மாதிரி. எச்.ஐ.வி. கிருமி அந்த அணுவுக்குள் நுழைந்துதான் பெருகும். எப்படி நுழைகிறது? பேங்க் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் சாவி ஒன்று, மேனேஜர் சாவி ஒன்று, இரண்டும் போட்டால்தான் திறக்கும். அந்த அணுவின் மேல்தோலிலும் இப்படி இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்றின் பெயர் சி.டி.4. இரண்டாவது பெரும்பாலும் சி.சி.ஆர்.5. கிருமி இரண்டுக்கும் சாவி வைத்திருக்கிறது.

சிலருக்கு இந்த இரண்டாவது பூட்டே இல்லை என்று 1996-இல் கண்டுபிடித்தார்கள். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் போயிருந்தன. அதனால் இதற்கு டெல்டா 32 என்று பெயர். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் குறைப்பிரதி வந்திருந்தால் அந்த மனிதருக்கு எச்.ஐ.வி. தொற்றுவது மிக அரிது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் தொற்றும், ஆனால் நோய் மெதுவாக முற்றும். வேறொரு பூட்டைத் திறக்கத் தெரிந்த கிருமி வகையும் உண்டு என்பதால், இரண்டு பிரதி உள்ளவருக்கும் நூற்றுக்கு நூறு காப்பு என்று சொல்ல முடியாது.

நியூயார்க்கில் ஸ்டீவன் கிரோன் என்று ஓர் ஓவியர் இருந்தார். அவருடைய துணைவரும் நண்பர்கள் பலரும் எய்ட்ஸில் இறந்தார்கள். அவருக்கு மட்டும் தொற்றவில்லை. "ஏன்?" என்று அவரே ஆராய்ச்சியாளர்களிடம் போய் ரத்தம் கொடுத்தார். அந்த ரத்தமும் இந்தக் கண்டுபிடிப்புக்கு உதவியது. அவர் 2013-இல் காலமானார். நம் ஊர் அளவுகோலை வைத்து அவரைப் புண்ணியவான் என்பதா, அவர் நண்பர்களைப் பாவிகள் என்பதா? எல்லோரும் வாழ்ந்தது ஒரே வாழ்க்கை. வேறுபாடு அந்த 32 எழுத்துகளில் இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. மனிதருக்குள் வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுதான் ஆகிறது. டெல்டா 32 அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. ஆகவே அது யாருடைய நன்னடத்தைக்கும் கிடைத்த பரிசு இல்லை. ஏட்டைப் பார்த்துப் பிரதி எடுத்தவன் கை தவறி ஒரு வரியை விட்ட மாதிரி, தற்செயலாக நேர்ந்தது. அதுவும் எல்லா விதத்திலும் நன்மை இல்லை. வெஸ்ட் நைல் என்று கொசுவால் வரும் ஒரு காய்ச்சல் இந்தப் பூட்டு இல்லாதவர்களைக் கூடுதலாகத் தாக்குகிறது.

சரி, நம்மிடம் இது உண்டா? வட ஐரோப்பியர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு பிரதியும், ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் இரண்டு பிரதியும் இருக்கின்றன. தெற்கே வர வர இது குறைகிறது. தென்னிந்தியாவில் மிக மிக அரிது. "நம்ம ரத்தம் வேற, நம்மள அண்டாது" என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதுவரை "அது வெளிநாட்டுக்காரன் சீக்கு, நம்ம கலாச்சாரத்துக்கு வராது" என்றுதான் பெரியவர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிருமி கலாச்சாரம் பார்க்கவில்லை.

அப்படியானால் நம் பக்கம் கணவனுக்கு இருந்தும் மனைவிக்குத் தொற்றாமல் இருந்தது எப்படி? பெரும்பாலும் மரபணு காரணம் இல்லை. ஒவ்வொரு முறையும் தொற்றியே தீரும் என்ற கணக்கு கிடையாது. கணவர் ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருந்தது, வேறு பால்வினை நோயோ புண்ணோ இருந்ததா, எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஆணுறை பயன்படுத்தினார்களா என்று பல காரணங்கள். மிச்சம் தற்செயல். இன்று தப்பியவர் நாளையும் தப்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால்தான் அவர்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

இப்படி ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை வைத்து ஒன்பது நாடுகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1,763 தம்பதிகள். நம் சென்னையும் அதில் ஒரு மையம். சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தில் நடந்தது. 2011-இல் முடிவு வந்தது. தொற்று உள்ளவர் சீக்கிரமாகவே மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால், துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் ஒருபடி மேலே போயின. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, சோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்து, அப்படியே நீடித்தால் உறவின் மூலம் தொற்றுவதே இல்லை என்று காட்டின.

ஐரோப்பாவில் நூற்றில் ஒருவருக்குப் பிறவியில் வாய்த்த காப்பை, இங்கே ஒரு மாத்திரை யார் வேண்டுமானாலும் தன் துணைவருக்குக் கொடுக்கும்படி செய்துவிட்டது. அதுவும் இலவசமாக. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவச மருந்து தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று.

டிமோதி ரே பிரவுன் என்ற அமெரிக்கரைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். அவருக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007-இல் பெர்லினில், டெல்டா 32 இரண்டு பிரதி உள்ள ஒருவரின் எலும்பு மஜ்ஜைத் தண்டணுக்களை எடுத்து இவருக்கு வைத்தார்கள். எச்.ஐ.வி. அடியோடு போய்விட்டது. பெரிய சாதனைதான். ஆனால் அது உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை. புற்றுநோய் இல்லாதவருக்கு அதைச் செய்ய எந்த டாக்டரும் துணிய மாட்டார். பிரவுனும் 2020-இல் திரும்பி வந்த புற்றுநோயால் இறந்தார். சீனாவில் ஹ ஜியான்குய் என்பவர் கருவிலேயே இந்த மரபணுவை மாற்றி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக 2018-இல் அறிவித்தார். உலகமே கண்டித்தது, அவர் சிறைக்குப் போனார். நல்ல மாத்திரை கையில் இருக்கும்போது பிறக்காத பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

இதையெல்லாம் வயதானவர்கள் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் யாரோடு சேர்ந்து சாப்பிடலாம், யார் வீட்டு விசேஷத்துக்குப் போகலாம், எந்தப் பிள்ளையை மடியில் வைக்கலாம் என்று தீர்மானிப்பது நம் வயசுக்காரர்கள்தான். தாத்தா ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தால் வீடே அதைப் பின்பற்றும். தாத்தா அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாலும் வீடு பின்பற்றும். டம்ளராலும் தட்டாலும் தொட்டாலும் இந்தக் கிருமி பரவாது.

2017-இல் போட்ட சட்டம், வேலையிலோ பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ வாடகை வீட்டிலோ இவர்களை ஒதுக்கக் கூடாது என்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் திண்ணைப் பேச்சுக்குச் சட்டம் கிடையாது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் சோதனைக்கே போவதில்லை. சோதனைக்குப் போகாதவர் மாத்திரைக்கும் போக மாட்டார். அவர் மட்டுமா கெடுவார்? அவர் வீட்டுப் பெண்ணும் பிறக்கப் போகும் பிள்ளையும் சேர்ந்து அகப்படுவார்கள். கர்ப்ப காலத்திலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிள்ளை தொற்றில்லாமலே பிறக்கும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும். அங்கே சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், காசு கிடையாது. யாராவது ரகசியமாக உங்களிடம் வந்து சொன்னால், "எப்பிடி வந்தது?" என்று கேட்காதீர்கள். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதியா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.