அவித்த முட்டையைக் குத்த வேண்டாம்

கலியாணச் சோற்றுக்கு அச்சாறு போடத் தெரிந்த கல்முனைக்கு, அவித்த முட்டையை வினாகிரியிலும் கொச்சிக்காய்த்தூளிலும் ஊறவைக்க எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், காய்க்குப் பொருந்துவது முட்டைக்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு.

உறைப்பு உள்ளே இறங்க வேண்டுமென்று முட்டையை ஈர்க்கால் குத்துவோர் உண்டு. 1997இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒருவர், பற்குச்சியால் குத்தி வினாகிரியில் இட்டுக் குளிரூட்டாமல் வைத்த முட்டையை உண்டு, நரம்புகளை முடக்கும் பொட்டுலிச நோய்க்கு ஆளானார். துளை வழியே கிருமி நுழைந்திருக்கலாம், மஞ்சட்கருவுக்குப் புளிப்பு போதிய அளவு எட்டவில்லை என்பது ஆய்வாளர் முடிவு. இந்நஞ்சு நாவுக்கும் மூக்குக்கும் தெரியாது.

2022இல் முட்டைத் தட்டுப்பாட்டைக் கண்டு, 2023இல் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்த நாடு நம்முடையது. மிஞ்சிய முட்டையை வீச மனம் வராதுதான். ஆகவே நன்கு அவித்து, கீறாமல், வினாகிரியில் முழுதும் மூழ்கவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு வாரம் பொறுத்திருங்கள். பெட்டி இல்லாத வீட்டாருக்கு ஒன்றே சொல்வேன்: மசாலாவில் பிரட்டி அன்றைக்கே உண்டுவிடுங்கள். சுவைக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.