கடிகாரம் விழுங்கிய 7 மணி நேரம்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? 2018-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து இரவு 7 மணி வாக்கில் ஒரு விமானம் லண்டனுக்குக் கிளம்பியது. மறுநாள் காலை 5 மணி வாக்கில் லண்டனில் இறங்கியது. எத்தனை மணி நேரப் பிரயாணம்?

"பத்து மணி நேரம்" என்பீர்கள். இல்லை, 17 மணி நேரம்! வழியில் எங்கும் இறங்காமல் சுமார் 9,000 மைல், அதாவது 14,500 கிலோமீட்டர் பறந்தது அந்த விமானம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அப்படி ஒரே மூச்சில் போன முதல் பிரயாணி சர்வீஸ் அதுதான். மீதி 7 மணி நேரத்தை விழுங்கியது கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர்க் கணக்கு. சேரும் நேரம் சேருகிற ஊர்க் கணக்கு. அன்று லண்டன் பெர்த்தைவிட 7 மணி பின்தங்கியிருந்தது.

பிள்ளையோ பெண்ணோ விமானம் ஏறிய பிறகு, "இறங்கியிருக்க வேண்டுமே, இன்னும் சேதி வரவில்லையே!" என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு நேரத்தையும் நம் வீட்டுக் கடிகாரத்துக்கு மாற்றிவிடுங்கள். பெர்த்தில் இரவு 7 என்றால் நமக்கு மாலை 4.30. லண்டனில் அன்று காலை 5 என்றால் நமக்குக் காலை 9.30. இப்போது எண்ணிப் பாருங்கள், 17 சரியாக வரும். ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும்: லண்டன் குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி பின், கோடையில் நாலரை மணிதான் பின்.

17 மணி நேரமா என்று மலைக்கிறீர்களா? யுத்த காலத்துக் கதையைக் கேளுங்கள். 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து செல்லும் ஆகாய மார்க்கம் அறுந்துபோயிற்று. 1943-ல் குவான்டாஸ் கம்பெனி, காட்டலீனா என்ற கடல் விமானங்களைப் பெர்த்திலிருந்து இலங்கைக்கு விட்டது. காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரியில் அவை இறங்கின. லண்டன் தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது! பெட்ரோலே பெருஞ்சுமையானதால் பிரயாணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற முடியாது. எதிரிக்குத் தெரியாதிருக்க ரேடியோவைப் பெரும்பாலும் மௌனமாக்கிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தவர்களுக்கு அதற்கென்றே ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்!

இறங்கினால்தான் சேதி என்றிருந்த காலம் அது. நமக்கு அந்தக் கஷ்டமில்லை. அடுத்த தடவை யாராவது கிளம்பினால், "எத்தனை மைல்?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "நம் கடிகாரப்படி எப்போது இறங்குவாய்?" என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அதுவரை நிம்மதியாகத் தூங்கலாம்.