கோச்சிப் பாதையைத் திருத்தும்போது நம்மையும் கேட்க வேண்டும்

2025 நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயல் மலையக ரயில் பாதையை என்ன செய்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பாதைக்கு மேலும் கீழும் இருந்த லயங்களில்தான் நம் சனம் இருந்தது. மண் சரிந்த இடங்களில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதை நம்மவர்கள் கண்ணால் பார்த்தார்கள். மட்டக்களப்புக்கான சேவையும் அந்த வெள்ளத்தோடு நின்றது. உடைந்ததைக் கட்டும்போது பழையபடியே கட்டாமல் நவீனப்படுத்த வேண்டும், ரயில் துறையையே சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. கட்டட்டும், திருத்தட்டும். யாருடைய பயணத்துக்காக, எந்தச் சாமானுக்காக என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

இதை எழுதும் நாம் ஏறாவூருக்கும் மட்டக்களப்பு நகரத்துக்கும் இடையில், வாவியை ஒட்டிய தன்னாமுனையில் இருக்கிறோம். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையிலிருந்து கிழக்குக்கு வந்த குடும்பங்கள் நாம். சொந்தபந்தம் இன்னும் தோட்டத்தில்தான். பதுளைப் பக்கம் ஒரு சாவு, ஒரு கலியாணம் என்றால் செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறி மேலே போகிறோம். ரயிலில் போக வேண்டுமென்றால் பொலன்னறுவை, கல்ஓயா, மாகோ, குருணாகல் என்று நாட்டைச் சுற்றிப் பொல்கஹவெலவில் இறங்கி, அங்கே மலைக்குப் போகும் கோச்சிக்குக் காத்திருக்க வேண்டும். ஒன்றின் நேரத்துக்கும் மற்றதன் நேரத்துக்கும் பொருத்தம் இல்லை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு என்னவென்று தெரியும். 1924இல் பதுளைக்கு வந்து நின்ற பாதை நூறு வருசம் கழிந்தும் அங்கேதான் நிற்கிறது. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த பாதையும் அப்படியே.

முதலில் இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது. 1867இல் பாதை கண்டிக்கு ஏறியது. 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை என்று தோட்டங்களைத் தேடித் தேடித்தான் அது மலை ஏறியது. முதலில் கோப்பி, கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை. ரயில் வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் தோட்டத் துரைமார். நம் பாட்டன் பாட்டி மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்தே வந்த காலத்தில் கோப்பி மூட்டைக்கு ரயில் கிடைத்துவிட்டது. பிறகு 1964 ஒப்பந்தத்தின்படி நம்மை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது நமக்கும் ரயில் கிடைத்தது, தலைமன்னார்ப் பக்கம் போவதற்கு. ஹட்டன், தலவாக்கலை மேடைகளில் அன்று கட்டிப்பிடித்து அழுதவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தத் தேயிலை இன்று ரயிலில் போவதில்லை. தொழிற்சாலை வாசலில் லொறி ஏறுகிறது, கொழும்பு ஏல விற்பனைக்கு லொறியிலேயே போய்ச் சேர்கிறது. கண்டியில் நம் சனம் பஸ் ஏறும் இடத்துக்கு ‘குட்செட்’ என்று பெயர். குட்செட் என்றால் ரயில் சாமான் இறக்கும் கொட்டகை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த நாட்டு ரயில் இன்று சுமக்கும் சாமான் மிகக் கொஞ்சம்: கொலன்னாவையிலிருந்து எண்ணெய், திருகோணமலையிலிருந்து கோதுமை மா, இப்படிச் சில. மிச்சமெல்லாம் வீதியில். கினிகத்தேனை வளைவுகளில் நம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் ஓரத்தில் அந்தப் பாரமெல்லாம் உருண்டு போகிறது. வீதி பழுதானால் மக்கள் வரிப் பணத்தில் திருத்துகிறார்கள். ரயில் பாதை பழுதானால் ‘திணைக்களம் நட்டம்’ என்று எழுதுகிறார்கள். இந்தக் கணக்கே கோணல் என்பது எமது கருத்து.

சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனிக்காரர்கள் எப்போதும் எடுத்துப் போடும் சொல் ‘உற்பத்திச் செலவு’. அந்தச் செலவு என்றதும் கொழுந்து பறிக்கிற கையைத்தான் காட்டுகிறார்கள். டீசலும் லொறிக் கூலியும் எவ்வளவு என்று நாம் ஏன் கேட்பதில்லை? மூட்டை மூட்டையாக, வாராவாரம், ஒரே ஊருக்குப் போகிற சாமானைவிட ரயிலுக்குப் பொருத்தமான சாமான் வேறென்ன இருக்கிறது?

சீர்திருத்தம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஐரோப்பாவை உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும், ஆனால் முழுவதையும் காட்ட வேண்டும். 1991இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பாதைக் கணக்கையும் வண்டிக் கணக்கையும் பிரிக்கச் சொல்லி, போட்டிக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிரித்தானியா எல்லோரையும் முந்திக்கொண்டு 1993இல் சட்டம் போட்டு ரயிலைத் துண்டு துண்டாக விற்றது. பாதை ஒரு கம்பனிக்கு, வண்டிகள் இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகளுக்கு, பராமரிப்பு வேறு ஒப்பந்தக்காரர்களுக்கு. 2000 ஒக்டோபரில் ஹட்ஃபீல்ட் என்ற இடத்தில் தண்டவாளம் வெடித்து நான்கு பேர் செத்தார்கள். அந்தத் தண்டவாளம் பழுது என்று முன்னமே தெரிந்திருந்தும் மாற்றப்படவில்லை. அடுத்த வருடமே பாதைக் கம்பனி முறிந்தது, 2002இல் பாதை பொது நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. 2024இல் பயணிகள் சேவையையும் அரசாங்கம் திரும்ப எடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 மே மாதத்தில் சவுத் வெஸ்டர்ன் சேவை முதலில் திரும்பி வந்தது. முப்பது வருசம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்கள். இடையில் போன உயிரும் பணமும் போனதுதான்.

சுவிற்சர்லாந்து வேறு வழியில் போனது. அங்கே நம் தமிழர் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அதுவும் மலை நாடுதான். 1994இல் மக்கள் வாக்களித்து, மலையைக் கடந்து போகும் சாமான் லொறியிலிருந்து ரயிலுக்கு மாற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2001இலிருந்து பாரமான லொறிகளிடம் ஓடும் தூரத்துக்கும் எடைக்கும் கணக்குப் பார்த்துக் கட்டணம் எடுத்தார்கள். அதில் பெரும்பங்கைக் கொண்டு ரயில் சுரங்கம் தோண்டினார்கள். 2016இல் திறந்த கொட்ஹார்ட் சுரங்கம் 57 கிலோமீற்றர் நீளம். இன்று அந்த நாட்டு அல்ப்ஸ் மலையைக் கடக்கும் சாமானில் பத்தில் ஏழு பங்கு அளவு ரயிலில் போகிறது. சுரங்கம் தோண்ட நம்மிடம் பணம் இல்லை, சரி. ஆனால் அங்கே 1982இலிருந்து செய்துவரும் இன்னொரு காரியத்துக்குப் பெரிய பணம் வேண்டாம்: ஒவ்வொரு மணிக்கும் ஒரே நிமிடத்தில் ரயில் வரும், வாசலில் தபால் பஸ் காத்திருக்கும், ரயில் பிந்தினால் பஸ்சும் கொஞ்சம் பொறுக்கும். கொட்டகலையிலும் வட்டகொடையிலும் அப்படி ஒரு பஸ் நின்றால் இரவில் தோட்டத்துக்குப் போக ஓட்டோவுக்கு அரை நாள் சம்பளம் கொடுக்க வேண்டியிராது.

நம் நாட்டில் நவீனம் என்றால் இன்றுவரை என்ன நடந்திருக்கிறது? புது வண்டிகள் வந்தன, நன்று. எல்ல ஒடிசி ஓடியது, வெள்ளைக்காரர் வாசலில் தொங்கிப் படம் எடுத்தார்கள், அவர்கள் காசும் நாட்டுக்கு வேண்டியதுதான். அதே எல்லப் பாதையின் ஆசனப் பதிவு இணையத்தில் திறந்த கையோடு தீர்ந்துபோய், டிக்கட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறியது பற்றி 2025 தொடக்கத்தில் பொலிஸ் விசாரணையே நடந்தது. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வரும்போது பொடி மெனிக்கேயில் கழிவறை வாசலில் நின்று வருகிறார்கள். உடைந்த பாதையைச் சுற்றுலாவுக்கென்று மட்டும் கட்டினால் இது இன்னும் மோசமாகும். சொகுசுப் பெட்டி ஒன்று சேர்க்கும் இடத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று கழன்றுவிடும் என்பதே எமது பயம்.

மட்டக்களப்புப் பாதைக்கு வேறு கவலை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ரயில் ஹபரணைப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. அதற்கு நாலு மாதம் முன்பு எண்ணெய் ஏற்றி வந்த ரயிலும் மின்னேரியாப் பக்கம் இப்படியே மோதித் தடம் புரண்டது. வேகத்தைக் குறை என்று சாரதிக்குச் சொல்வது சுலபம். இருட்டில் வளைவுக்கு அப்பால் நிற்கும் யானையை அவருக்கு முன்கூட்டியே காட்டும் கருவிக்கும், யானை கடக்கும் சுரங்க வழிக்கும் செலவு செய்வதுதான் நவீனம்.

ரயில் தொழிலாளர் சங்கங்கள் தனியார்மயத்தை எதிர்ப்பதில் நாம் அவர்கள் பக்கம். அவர்கள் திடீரென்று வேலையை நிறுத்திய நாட்களில் நம் சனமும் மேடையில் தவித்தது உண்மை, அதையும் அவர்களிடமே நேரில் சொல்ல வேண்டும். தேயிலை ரயிலுக்குத் திரும்பினால் அவர்கள் வேலையும் நிலைக்கும்.

ஆகவே மலையகப் பாதை பற்றிப் பேசும் எந்த மேசையிலும் தோட்டத் தொழிலாளருக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்று எமது தலைமைப்பீடம் போக்குவரத்து அமைச்சுக்கு எழுத வேண்டும். வட்டவளையிலிருந்து தெமோதரை வரை உள்ள தோட்டக் கமிட்டிகள் மூன்று விபரம் அனுப்பினால் போதும்: உங்கள் நிலையத்துக் குட்செட் இன்னும் நிற்கிறதா, மாதம் எத்தனை லொறி தேயிலை உங்கள் தொழிற்சாலையிலிருந்து போகிறது, கடைசி ரயில் வரும்போது தோட்டத்துக்குப் பஸ் இருக்கிறதா. கிழக்கிலிருந்து பொல்கஹவெல வழியாகப் போகிறவர்களின் நேரக் கணக்கைத் தன்னாமுனையில் நாம் எழுதத் தொடங்கிவிட்டோம்.