ஏரிக்கரைக்கு மட்டுமா சைக்கிள் ரோந்து?

சீசன் நாளில் மூஞ்சிக்கல்லில் இருந்து ஏரிக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கொடைக்கானல்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நடந்தால் சொல்லலாம், காரில் போனால் சொல்ல முடியாது என்பார். இந்த நெரிசலுக்காகத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்றது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது. ஏழு ரோடு சந்திப்பில் சுற்றுலா வேன் சிக்கினால் பின்னால் வரும் போலீஸ் ஜீப்பும் சிக்கும். சைரன் போட்டாலும் வழிவிட இடம் வேண்டுமே.

அந்த வகையில், ஏரியைச் சுற்றி சைக்கிளில் போலீஸ் ரோந்து வர வேண்டும் என்ற யோசனை நியாயமானதே. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெரி லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. சுற்றுப்பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. வாடகைச் சைக்கிளில் வெளியூர்ப் பிள்ளைகள் அதைச் சுற்றிவரும்போது காவலரால் முடியாதா? அமெரிக்காவின் சியாட்டில் நகரப் போலீஸ் 1987-ல் சைக்கிளில் ஏறியதற்கும் காரணம் நெரிசல்தான். நகரின் நடுவே சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் கார் நகரவில்லை. இரண்டு காவலர்கள் சைக்கிளை எடுத்தார்கள், பிறகு அது ஒரு பிரிவாகவே வளர்ந்தது.

நமக்கும் இது புதிதல்ல. ஒரு தலைமுறைக்கு முன்புவரை போலீஸ்காரர் என்றாலே சைக்கிள்தான். அண்மையில் டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு அதிகாலையில் சைக்கிளில் போய்க் காவல் நிலையங்களுக்குள் திடீரென்று நுழைந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஜீப்பின் சத்தம் கேட்டால் நிலையம் உஷாராகிவிடும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது.

சைக்கிள் ரோந்தின் பயன் வேகத்தைவிட இதில்தான் அதிகம். காரில் போகும் காவலருக்குத் தெருவின் காட்சி கிடைக்கும், பேச்சு கிடைக்காது. சைக்கிளில் வருபவர் டீக்கடை ஓரம் காலை ஊன்றி நின்றால் நாலு பேர் பேசுவார்கள். அமெரிக்க நகரங்களில் ஆராய்ந்து பார்த்ததில், கார் ரோந்தைவிட சைக்கிள் ரோந்தில் பொதுமக்களோடு ஏற்படும் தொடர்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டிருக்கிறார்கள். சரி, யாரோடு பேசுவார் அந்தக் காவலர்? எந்தத் தெருவுக்குள் வருவார்? இந்தப் பத்தியில் இதைப் பற்றி எழுத வேண்டியதன் காரணம் இந்தக் கேள்விதான்.

சைக்கிள் என்பது தமிழ்நாட்டுச் சேரிகளுக்கு வெறும் வண்டி அல்ல. ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொல்லப்பட்ட வண்டி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிப் போன அப்பன்களும் தாத்தன்களும் நம் வீடுகளில் இருந்தார்கள். பழங்கதை என்று நினைப்பவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது, பிரிவு 3(1)(இஸட்.ஏ.)-வில் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்போ புதுத்துணியோ அணிவதையும் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. இல்லாத ஒன்றைத் தடுக்க 2015-ல் நாடாளுமன்றம் உட்கார்ந்து சட்டம் எழுதாது.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரியில் கல் உடைத்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகினார்கள். அதிகாரம் ஒத்துழைத்தால் ஒரு வண்டி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அது சாட்சி.

அதிகாரத்தின் வண்டி சேரிக்குள் வந்த வேறு விதங்களும் உண்டு. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தன. 269 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொல்ல 2011 ஆனது, அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. 1995-ல் கொடியங்குளத்துக்குள் வந்ததும் போலீஸ் படைதான். வீடு வீடாகப் புகுந்து உடைத்துவிட்டுப் போனார்கள். ஆக நம் குடியிருப்புகள் போலீசை இரண்டு விதமாகத்தான் அறிந்திருக்கின்றன: கூப்பிட்டால் வராத போலீஸ், கூப்பிடாமல் கூட்டமாக வந்த போலீஸ். தினமும் வந்து, பெயர் சொல்லி விசாரித்து, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போகும் போலீஸ் நமக்குப் பழக்கமில்லை.

வன்கொடுமை வழக்கை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர் என்கிறது விதி 7. நல்லது. ஆனால் டி.எஸ்.பி. வருவது எல்லாம் முடிந்த பிறகு. குழாயடியில் நேற்று வந்த தகராறையும், திருவிழாவுக்கு முந்தைய வாரம் டீக்கடையில் மாறிப்போன பேச்சையும் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கக் கூடியவர் பீட் காவலர் மட்டுமே. மேற்கு மலையில் பூம்பாறை கொடைக்கானலில் இருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், மன்னவனூர் 30-க்கும் மேல். பூண்டு, உருளை, கேரட் தோட்டங்களில் கூலிக்குப் போகும் தலித் குடும்பம் 'பி.சி.ஆர். கேஸ்' கொடுக்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து டவுனுக்கு வர வேண்டும். திரும்பப் போய் நிற்க வேண்டியது அதே தோட்டக்காரர் முன்னால். பளியர் குடியிருப்புகளுக்கு இன்னும் தூரம். வாயால் சொன்னதை எழுதிக்கொள்ள வேண்டியதும், எல்லை பார்க்காமல் பதிய வேண்டியதும் போலீசின் கடமை என்று சட்டம் இருக்கிறது. பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-ன் பிரிவு 18ஏ-வும் இருக்கிறது. சட்டத்துக்குக் குறையில்லை, அது மலையேறி வருவதுதான் இல்லை.

இந்த ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாண்டிக்குடி பக்கத்து வளைவுகளில் யாரையும் மிதிக்கச் சொல்ல வேண்டாம். ஊர்வரை மோட்டார் சைக்கிளில் வரட்டும், ஊருக்குள் சைக்கிளிலோ காலாலோ வரட்டும். ஆள் பற்றாக்குறை என்பதும் உண்மை. ஆனால் மலர்க் கண்காட்சிக்குக் கிடைக்கும் ஆட்கள் வாரத்துக்கு இரண்டு நாள் காலனிக்குக் கிடைக்க மாட்டார்களா?

சைக்கிளில் வந்துவிட்டால் போலீஸ் சாதுவாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அதே சியாட்டிலில் போராட்டக்காரர்களைத் தள்ளுவதற்குச் சைக்கிளையே வேலியாகப் பிடித்தார்கள். காவலரின் தலைக்குள் சாதி இருந்தால் அது ஜீப்பிலும் வரும், சைக்கிளிலும் வரும். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துவிட்டு, காலனியைத் தூரத்தில் இருந்து பார்த்துத் திரும்பும் ரோந்தால் நமக்கு என்ன பயன்?

எனவே கேட்க வேண்டியது வண்டியை அல்ல, பட்டா புத்தகத்தை. ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போடும் அந்தப் புத்தகம் வங்கி வாசலிலும் நகைக்கடையிலும் ஏ.டி.எம்.மிலும் தொங்குகிறது. கொடைக்கானல் மலையில் ஒவ்வொரு காலனியின் சமுதாயக் கூடத்திலும், பளியர் குடியிருப்பின் பள்ளிச் சுவரிலும் ஒன்று தொங்கட்டும். வாரத்தில் ஒருமுறையாவது பெண் காவலர் வந்து கையெழுத்திடட்டும். மாதம் ஒருமுறை அதை டி.எஸ்.பி. வாங்கிப் பார்க்கட்டும். கையெழுத்து இல்லாத வாரத்துக்கு விளக்கம் கேட்கட்டும். கடமையில் வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்கு இதே சட்டத்தின் பிரிவு 4 ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை வைத்திருக்கிறது. அதைப் போலீஸ் பயிற்சியிலும் படித்துக் காட்டலாம்.

ஏரிக்கரைக்குச் சைக்கிள் வாங்க மாவட்ட நிர்வாகம் எப்போதாவது பணம் ஒதுக்கினால், அந்த உத்தரவிலேயே காலனிகளின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் மலையில் உள்ள நம் ஊராட்சி உறுப்பினர்கள். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கூடுகிறது. தீர்மானமாக எழுதிக் கொடுக்க ஒரு தாள் போதும்.