கடிதப் பெட்டியின் சாவி உங்கள் கையில்



சென்ற இதழில் மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் திறப்பது பற்றிப் பார்த்தோம். இம்முறை, பழைய கணனியிலும் வேகம் குறைந்த இணைப்பிலும் அதை வாசிக்க உதவும் 'அல்பைன்' என்ற இலவச மென்பொருளைப் பார்ப்போம்.

"இதிலே படம் ஒன்றுமே இல்லையே, பிள்ளை?" என்று எங்கள் நிலையத்துக்கு வரும் அம்மா ஒருவர் கேட்டார். உண்மைதான், வெறும் எழுத்து மட்டுமே. விளம்பரமும் படமும் இறங்காததால் நன்கொடையாகக் கிடைத்த கணனியே இதற்குப் போதும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய 'பைன்' என்ற மென்பொருளின் வழியாக 2007இல் வந்தது இது. எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது திரையின் கடைசி இரண்டு வரிகளில் எப்போதும் எழுதியிருக்கும்.

முதற் பக்கத்தில் 'எஸ்' அழுத்தி, பிறகு 'சி' அழுத்தினால் அமைப்புப் பக்கம் வரும். மூன்று விடயங்களை நிரப்புங்கள்: உங்கள் பெயர், கடிதம் அனுப்பும் சேவையகம், கடிதம் வரும் பெட்டியின் வழி. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரியையும் எழுதுங்கள். முடிந்ததும் 'ஈ' அழுத்தி வெளியேறுங்கள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் 'வை' அழுத்துங்கள்.

பெட்டியின் வழியை 'ஐமப்' முறையில் அமைப்பது முக்கியம். அப்போது கடிதங்கள் கணனியில் அல்ல, சேவையகத்திலேயே இருக்கும். இடம்பெயர்ந்தபோது கடிதங்களையும் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் நம்மில் பலர். அவற்றின் பிரதிகளை உங்கள் முகவரிக்கே அனுப்பி வையுங்கள். கணனி பழுதானாலும் வேறொரு கணனியில் எடுக்கலாம்.

இனி, வகுப்பில் அடிக்கடி வரும் சிக்கல்கள்.

கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை: வருவதற்கும் போவதற்கும் வழிகள் வேறு. வரும் வழிக்குப் பெரும்பாலும் 993ஆம் இலக்கம், போகும் வழிக்கு 587 அல்லது 465. போகும் வழியைச் சரிபாருங்கள். அதுவரை 'கொன்ட்ரோல்' விசையுடன் 'ஓ' அழுத்தினால் எழுதிய கடிதம் அழியாமல் பத்திரமாக இருக்கும்.

கடவுச்சொல்லை ஏற்கவில்லை: 2022இல் இருந்து ஜிமெயில் இத்தகைய மென்பொருள்களில் வழக்கமான கடவுச்சொல்லை ஏற்பதில்லை. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள தனிச் செயலிக் கடவுச்சொல்லைப் பெற வேண்டும்.

சான்றிதழ் செல்லாது என்கிறது: முதலில் கணனியின் திகதியைப் பாருங்கள். பழைய கணனியின் உள்ளே இருக்கும் சிறு பற்றரி தீர்ந்தால் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். திகதியைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகும். சான்றிதழ்ச் சோதனையை நிறுத்திவிடுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது வாசற்கதவைத் திறந்து வைப்பது போன்றது.

தமிழ் சரியாகத் தெரியவில்லை: கேள்விக்குறிகளாக வந்தால் கணனியின் எழுத்துமுறை 'யூரிஎப்-8' ஆக இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பும் புள்ளியும் தள்ளி நின்றால் பயப்பட வேண்டாம். அது திரை காட்டும் விதம், கடிதம் பழுதாகவில்லை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் அது பாமினி எழுத்துருவில் எழுதியதாக இருக்கலாம். ஒருங்குறிக்கு மாற்றினால் வாசிக்கலாம்.

எந்தச் சிக்கல் வந்தாலும் திரையின் அடியில் வரும் செய்தியை அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். "வேலை செய்யவில்லை" என்று சொல்வதைவிட அந்த ஒரு வரி உதவி செய்பவருக்கு வழிகாட்டும். உதவி கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். கொமினிகேஷன் கடைத் தம்பி எவ்வளவு நல்லவரானாலும், காணாமற்போன கணவரைப் பற்றியோ பராமரிப்பு வழக்கைப் பற்றியோ வரும் கடிதத்தை உங்களுக்கு முன் அவர் வாசிக்க வேண்டியதில்லை. பொதுக் கணனியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் 'என்' அழுத்துங்கள். செயலிக் கடவுச்சொல் பிறர் கையில் அகப்பட்டால் அதை மட்டும் நீக்கிவிட்டுப் புதிது எடுக்கலாம்.

சமூகவியல் வகுப்பில் 'வலுவூட்டல்' என்ற சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறேன். தன் கடிதத்தைத் தானே திறந்து, தானே வாசித்து, தானே பதில் எழுதும் ஒரு பெண்ணைப் பார்க்கும்போது அதன் பொருள் தெளிவாக விளங்குகிறது.

அடுத்த இதழில், கடிதத்துடன் ஆவணங்களை இணைத்து அனுப்புவது பற்றிப் பார்ப்போம்.