வியர்க்கும் கையும் வித்தை கற்கும்

மனித சரீரத்திலே இரகசியத்தைக் காப்பாற்றத் தகுதியற்ற உறுப்பு எதுவென்று கேட்டால், நாவென்று பலரும் கண்ணென்று சிலரும் சொல்லக்கூடும். சீட்டுக்கட்டைக்கொண்டு ஜாலவித்தை பழகும் ஒருவனைக் கேட்டாலோ, உள்ளங்கை என்று அவன் தயக்கமின்றிச் சொல்லுவான். ஐம்பத்திரண்டு சீட்டுகளுள் ஒன்றைப் பிறர் அறியாவண்ணம் ஒளித்து வைப்பதற்கு அவனுக்கு வாய்த்த இடம் அந்த உள்ளங்கைதான். அதுவோ, மனத்திலே சிறிது கலக்கம் உண்டான மாத்திரத்தில் நீரைச் சொரிந்து, ஒளித்த பொருளையும் ஒளித்தவனையும் ஒருங்கே காட்டிக் கொடுத்துவிடுகிறது. பொய்யைக் கண்டறிவதற்கென்று மேல்நாட்டார் அமைத்த கருவி, விரல்களிலே சிறு தகடுகளைப் பொருத்தி, வியர்வையினால் தோலின் மின்கடத்தும் திறன் எவ்வளவு மாறுகிறதென்று அளக்கின்றது. பிறர் இயந்திரம் வைத்துத் தேடும் அந்தச் சாட்சியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு சபை நடுவே நிற்க வேண்டியவனாகிறான் சீட்டு வித்தைக்காரன்.

வருஷம் முழுவதும் வெப்பம் 27, 28 பாகையை அண்டி நிற்க, கடற்காற்று ஈரத்தைச் சுமந்துவந்து வெள்ளவத்தைக் காலி வீதியின் கடைவாசல்கள்வரை படியவிடும் இக்கொழும்பு மாநகரிலே, வியர்ப்பதை ஒரு குறையென்று யாரும் எண்ணுவதில்லை. ஆயினும் முதுகு வியர்ப்பதற்கும் உள்ளங்கை வியர்ப்பதற்கும் காரணம் ஒன்றன்று. நம்முடைய தேகமெங்கும் இருபது முதல் நாற்பது இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் பரந்துகிடக்கின்றன. அவை மிகச் செறிந்திருக்கும் இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலுமே. வெயிலுக்கும் அடுப்படிப் புழுக்கத்துக்கும் முதலில் விடை சொல்பவை நெற்றியும் மார்பும் முதுகும். உள்ளங்கைச் சுரப்பிகளோ பெரும்பாலும் அச்சம், ஆவல், எதிர்பார்ப்பு முதலிய மனோபாவங்களுக்கே பணிகின்றன. அதனாலேயே, குளிரூட்டிய மண்டபத்தில் நெற்றி உலர்ந்திருக்கும் ஒருவனுக்குக்கூட, மேடையேறும் வேளையில் கைகள் நனைந்துவிடுகின்றன. அதே கைகள் நித்திரையிலே உலர்ந்தே கிடக்கின்றன.

கொட்டாஞ்சேனையிலே பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு அணித்தாக வசிக்கும் என் மருமகன் ஒருவன், பள்ளிக்கூடப் படிப்பின் இடையே சீட்டு வித்தையில் மிக்க சிரத்தைகொண்டு பழகி வருகிறான். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டுப் பிறந்தநாள் வைபவமொன்றில், சுற்றியிருந்தோர் வேண்ட, அவன் கட்டை எடுத்தான். மேலுள்ள இரண்டு சீட்டுகளை ஒன்றுபோலச் சேர்த்துப் புரட்டி, தெரிந்தெடுத்த இஸ்கோப்பன் ஆசு மேலேயே இருப்பதாகக் காட்டவேண்டிய கட்டம் அது. அவனுடைய பெருவிரல் கட்டின் ஓரத்தைத் தடவியபோது, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட மூன்றாவது சீட்டும் கூடவே எழுந்து வந்தது. புரட்டிய இடத்தில் ஆசுக்குப் பதிலாக வேறொரு சீட்டு முகங்காட்ட, அடியிலே ஒன்றன் ஓரம் நகத்தளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. யாரும் நகைக்கவில்லை, ஒரு பெரியவர் மட்டும், பாராட்டுவதற்காக அவன் கையைப் பற்றிவிட்டு, தம் கையை வேட்டியிலே துடைத்துக்கொண்டார். அதை அவன் பார்த்துவிட்டான்.

"மாமா, எனக்கு இது சரிவராது. காட்ஸ் எல்லாம் கையில ஒட்டுது. இனிக் காசு வித்தை மட்டும் செய்யப்போறன்" என்று திரும்பி வரும் வழியிலே சொன்னான்.

"காசும் அந்தக் கையிலதானே இருக்கப்போகுது, தம்பி?" என்றேன்.

சீட்டு பிழைத்ததைக் காட்டிலும் அந்த வேட்டியில் துடைத்த கையே அவனை வருத்தியது என்பதை நான் உணர்ந்தேன். அவனையொத்த பிள்ளைகள் இவ்வூரில் பலர் இருப்பர் என்ற நம்பிக்கையினாலேயே இவ்வாரப் பத்தியை இவ்விஷயத்துக்கு ஒதுக்குகிறேன்.

ஈரம் சீட்டுக்குச் செய்யும் தீங்கை அறிய வேண்டுமாயின், சீட்டின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். நல்ல சீட்டு ஒற்றைத் தாளால் ஆனதன்று. ஒளி ஊடுருவாதபடி இரு தாள்களுக்கிடையே கரிய பசையிட்டு ஒட்டி, மேலே மெருகு பூசி ஆக்கப்படுவது. அமெரிக்காவிலே 1885ஆம் ஆண்டு தொடங்கி அச்சிடப்பட்டுவரும் பைசிக்கிள் சீட்டுகளைப் போன்றவற்றின் மேற்பரப்பைச் சாய்த்து ஒளியிலே பிடித்துப் பார்த்தால், சின்னஞ்சிறு குழிகள் நிரை நிரையாகப் பதிந்திருத்தலைக் காணலாம். அக்குழிகளில் தங்கும் காற்றினாலேயே ஒரு சீட்டின்மேல் மற்றொன்று தடையின்றி வழுக்கிச் செல்லுகிறது. வியர்வை அக்குழிகளை நிரப்புகிறது. நீர் உலர்ந்தபின் உப்பு எஞ்சுகிறது. உப்பிலே தூசி பற்றுகிறது. ஓரங்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. விசிறிபோல விரிந்த கட்டு, சில கிழமைகளில் கொத்துக் கொத்தாகவே பிரியும் நிலையை அடைகிறது.

ஆனால், ஈரமே வேண்டாமென்று எண்ணுவதும் தவறாகும். 304 ஆடும் நம் பெரியவர்கள், முப்பத்திரண்டு சீட்டுகளையும் பங்கிடுமுன் விரல்நுனியை நாவிலே தொட்டுக்கொள்வதைப் பாராதவர் யார்? முற்றிலும் உலர்ந்த விரலுக்கு மேற்சீட்டு நகர்ந்து கொடுப்பதில்லை. சிறிதளவு ஈரத்தால் தோல் மென்மையுற்றுப் பிடிமானம் கூடும். அளவு மிஞ்சினால் அதே ஈரம் ஓரிடத்தில் வழுக்கும், ஓரிடத்தில் ஒட்டும். குளிர்தேசத்து வித்தைக்காரர் சிலர் வறண்ட கைகளுக்குக் கிளிசரின் பூசிக்கொள்கின்றனர். அவர்கள் பூச்சினால் பெற முயல்வதை நம் பிள்ளைக்கு இயற்கை சற்று அதிகமாகவே கொடுத்துவிட்டது. குறைக்க வேண்டியது அந்த அதிகத்தை மட்டுமே.

அதற்கான உபாயங்களுள் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது முகப்பவுடர். அதுவே முதலில் விலக்கவேண்டியதுமாகும். சற்று நேரம் உலர்த்தியபின் அது வியர்வையோடு குழைந்து பசையாகி, சீட்டின் ஓரங்களிலும் கறுத்தக் காற்சட்டையிலும் வெண்ணிறத் தடம் பதிக்கும். அதனினும் நன்று, வித்தை தொடங்குவதற்குச் சிறிது முன்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, விரலிடுக்குகள்வரை துணியால் ஒற்றி உலர்த்துவது. உள்ளங்கையிலே எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லாமையால், அங்கே காணும் பிசுக்கு முகத்தையும் தலையையும் தொட்டதால் வந்ததே. தலைக்கு எண்ணெய் வைக்கும் நம்மவர் இதை நினைவிற்கொள்ளல் நலம். கட்டுகள் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பழகுவதும், சட்டைப் பையில் மார்பின் வெப்பத்தோடு சுமந்து திரியாது மூடிய தகரப் பெட்டியில் வைப்பதும், நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் வழுவழுப்பான கட்டுகளைத் தவிர்ப்பதும் பயன் தருவன. எல்லாவற்றிலும் சிறந்தது, கட்டை அடிக்கடி கையைவிட்டு அகற்றுவது: சபையில் ஒருவரிடம் கொடுத்துக் கலைக்கச் சொல்லலாம், மேசைவிரிப்பின்மேல் வைத்துவிட்டுப் பேசலாம். அவ்விடைவேளையில் கையும் உலரும். வித்தைக்காரனிடம் ஒளிவில்லை என்ற நம்பிக்கையும் வளரும்.

இவ்வளவுக்கும் அடங்காது, பேனா பிடித்தால் தாள் நனையும் அளவுக்கு வியர்க்குமாயின், அது வைத்தியர் அறிந்த ஒரு நிலை. வெட்கப்பட வேண்டிய நோயன்று. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ வாலிபத்தின் தொடக்கத்திலோ தோன்றுவது. பல குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்வது. இரவிலே நன்கு உலர்ந்த கையில் நூற்றுக்கு இருபது பங்கு அலுமினியம் குளோரைட்டுக் கலந்த மருந்தைப் பூசிக் காலையிலே கழுவிவிடுவது முதற் சிகிச்சை. நீர்த்தட்டிலே கையை அமிழ்த்தி, இருபது நிமிஷமளவில் மெல்லிய மின்னோட்டம் செலுத்துவது அடுத்தது. பொட்டியூலினம் ஊசி சில மாதங்களுக்குப் பலன் தருமெனினும், சிலருக்கு விரல்களின் வலிமையைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடுமாதலால், விரலையே நம்பும் கலைஞன் நன்கு யோசித்தல் வேண்டும். நெஞ்சறையின் உள்ளே நரம்பை அறுக்கும் சத்திரசிகிச்சையோ, கையை உலர்த்திவிட்டு மார்பிலும் முதுகிலும் வியர்வையைப் பெருக்கிவிடக் கூடும்; அறுத்ததை மீட்பதும் அரிது. சீட்டுக்காக அவ்வளவு தூரம் போவது எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. வளர்ந்தபின் திடீரென உடலெங்கும் வியர்வை தோன்றி, மெலிவும் இராவியர்வையும் கூடினால், அது வேறு நோயின் குறியாயிருக்கலாமாதலால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மருந்தும் துணியும் வெப்பத்தின் வியர்வையையும் இயல்பின் வியர்வையையும் குறைக்கும். அச்சத்தின் வியர்வைக்கு அப்பியாசமே மருந்து. ஓர் இரகசிய அசைவைச் செய்யப்போகிறோம் என்ற நினைவு எதுவரை மனத்திலே உறுத்திக்கொண்டிருக்கிறதோ, அதுவரை உள்ளங்கை நனைந்துகொண்டுதான் இருக்கும். அந்த அசைவு, தலைவாரும் பழக்கத்தைப்போல நினைவின் மேற்பார்வையின்றியே நடைபெறும் நிலை எய்தியபோது, மறைக்கிறோம் என்ற குற்றவுணர்வும் உடன் கழிந்துவிடுகிறது. உலர்ந்த கையோடு மாத்திரம் பழகுவதும் போதாது. படியேறி வந்த புழுக்கத்தோடும் விசிறியில்லாத அறையிலும் பழகினாலன்றி, சபையின் ஈரக்கைக்கு வித்தை வசப்படாது.

இடையூற்றையே கலையின் அங்கமாக்கிக்கொண்டவர்களை இத்துறையின் சரித்திரம் அறியும். வேல்ஸ் தேசத்திலே 1895இல் பிறந்து கார்டினி என்ற பெயரால் புகழ்பெற்ற வித்தைக்காரர், முதல் உலக யுத்தத்தின் அகழிகளில் குளிர் தாளாது கையுறையோடு சீட்டுப் பழகினார். பின்னாளில் மேடையிலே வெண்கையுறை அணிந்தே சீட்டுகளை வரவழைத்து, அதனையே தம் சிறப்பாக்கிக்கொண்டார். சிறுவயதிலே விபத்தில் வலக்கையை இழந்த ஆர்ஜென்டீனாவின் ரெனே லவான், இடக்கை ஒன்றாலேயே உலகை வியக்கவைத்தார். நம் நாட்டிலும் இக்கலைக்குப் பாரம்பரியம் இல்லாமலில்லை: 1922இல் தோன்றிய மஜிக் சேர்க்கிள் என்னும் சங்கம் இன்றளவும் இயங்கிவருகிறது, ஓவியராகப் போற்றப்படும் கேட் முதலியார் அமரசேகர ஜாலவித்தையிலும் வல்லவராயிருந்தார். இந்நாட்டின் ஈரக்காற்றிலேதான் நம் வித்தைக்காரரும் சீட்டைக் கையாண்டார்கள்.

என் மருமகன் காசு வித்தைக்குப் போய்விடவில்லை. வித்தையின் ஒழுங்கை மாற்றி, முதலிற் சபையோரே கட்டைக் கையில் வைத்திருக்கும் வித்தை ஒன்றைச் செய்து, அதற்கிடையே நெஞ்சு தணிந்தபின் கடினமான அசைவுக்கு வருகிறான். கை இன்னமும் வியர்க்கிறது; சில நாட்களில் சீட்டும் பிழைக்கிறது; பழகுவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

பரதமுனிவர் நாட்டிய சாஸ்திரத்திலே உள்ளத்தினின்றும் தானாக வெளிப்படும் சாத்துவிக பாவங்கள் எட்டனுள் வியர்வையையும் ஒன்றாக வைத்தார். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலிலே தலைவியின் நெற்றி வியர்த்தலைக் காதலின் குறிகளுள் சேர்த்தார். இவ்விருவரும் வியர்வையை அழுக்கென்று ஒதுக்காது, உள்ளம் ஒன்றிலே ஈடுபட்டதற்குச் சான்றாகவே மதித்தனர். ஆதலால், கலைவிழாவிலோ கல்யாண வீட்டிலோ சீட்டுக்கட்டோடு ஒரு பிள்ளை உங்கள் முன் வந்து நின்றால், பாராட்டி அதன் கையைப் பற்றும்போது ஈரம் பட்டால், உங்கள் கையை அதன் கண்ணெதிரே துடைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு வித்தை செய்து காட்டும்படி கேளுங்கள்.