முதலில் 'சார்', பிறகு 'தம்பி'



கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாசகி ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. "முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கேமரா வாங்கப்போகிறேன். சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் படம் உயர்தரமாக வர வேண்டும். பாட்டியையும் எங்கள் தெருவையும் எடுத்து வைக்க ஆசை. செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?" என்று எழுதியிருக்கிறார். இதே கேள்வியோடு பல வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். அதனால் இந்த மாதப் பக்கம் அவருக்கு.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து இறங்கும். ஈரச் சாக்கின் வாசமும் பூவின் வாசமும் கலந்து அடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பெரிய கேமராவில் நீளமான லென்ஸை மாட்டிக்கொண்டு அங்கே போனேன். ஓரமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவை நோக்கிக் கேமராவைத் தூக்கினேன். அவர் கை நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "எந்தப் பேப்பர்ல சார் வரும்?" என்றார். நேராகப் பார்த்து, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு படம் கிடைத்தது. அவருடைய வேலை அதில் இல்லை.

அடுத்த முறை சட்டைப் பையில் ரிக்கோ ஜிஆர் 3 என்ற சின்ன கேமரா மட்டும் இருந்தது. டீ வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேமராவை எடுத்துக் காட்டி, "அக்கா, நீங்க கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "இதுலயா? எடுத்துக்கங்க தம்பி" என்றவர் குனிந்து தன் வேலையைத் தொடர்ந்தார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. டியூப் லைட் வெளிச்சம்தான். ஷட்டரை 1/15 நொடிக்கு வைத்து எடுத்தேன். முகம் தெளிவாக விழுந்திருந்தது. விரல்கள் மட்டும் வெள்ளைப் புகைபோலக் கலைந்திருந்தன. அடுத்த மாதம் அந்தப் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன்.

முதல் முறை 'சார்', இரண்டாம் முறை 'தம்பி'. பெரிய கேமரா எட்ட நிற்க வைத்தது. சின்ன கேமரா பக்கத்தில் உட்கார வைத்தது. சிறிய கேமராவை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். எடை குறைவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே, கடைக்குப் போகும்போது நீங்கள் தினமும் உடுத்தும் உடையில், தினமும் தூக்கும் கைப்பையோடு போங்கள். கேமராவைக் கையில் வாங்கியதும் அந்தப் பையில் வைத்துப் பாருங்கள். ஜிஆர் 3, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100-6 அருமையான கேமரா, கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டரும் உண்டு. ஆனால் எடை 521 கிராம், தடிமனும் அதிகம். அது கழுத்தில் தொங்க வேண்டியது. 1979இல் ஒலிம்பஸ் நிறுவனத்துக்காக எக்ஸ்ஏ என்ற குட்டி ஃபிலிம் கேமராவை வடிவமைத்த யோஷிஹிசா மைதானி, உறையும் வேண்டாம், லென்ஸ் மூடியும் வேண்டாம் என்று முடிவுசெய்து, முன்பக்கக் கதவைத் தள்ளினால் படம் எடுக்கத் தயாராகும்படி செய்தார். பையிலிருந்து எடுப்பதற்கும் படம் எடுப்பதற்கும் நடுவில் எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது என்ற அந்த எண்ணத்தை இன்று கேமரா வாங்குகிறவர்களும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கைச் சொல்லுவார். நீங்கள் சென்சாரின் அளவைக் கேளுங்கள். '1 இன்ச் சென்சார்' என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அது ஓர் அங்குலம் கிடையாது. பழைய டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் விட்டத்தை வைத்து வந்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையான அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. ஜிஆர் வரிசையில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு அதைப்போல மூன்று மடங்கு. விலை குறைந்த பாயின்ட் அண்ட் ஷூட் கேமராக்களில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். வெளிச்சம் பிடிப்பதில், முற்றத்து மழைக்கு டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. விளக்கு வைத்த பிறகு, வீட்டுக்குள் பாட்டியை எடுக்கும்போது தெரியும்.

வீட்டில் கேட்கும் கேள்விக்கும் நேர்மையான பதில் சொல்ல வேண்டும். நல்ல வெளிச்சத்தில் இன்றைய செல்போன் படம் பிரமாதமாகத்தான் இருக்கிறது. இருட்டில் அது பல படங்களைச் சட்டென்று எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இரவைப் பகலாக்கித் தந்துவிடுகிறது. பூக்கட்டும் விரல்கள் கலைந்தது கலைந்தபடியே வேண்டும், அறை இருண்டது இருண்டபடியே வேண்டும் என்று நினைக்கிறவருக்குத்தான் தனிக் கேமரா. அந்த நினைப்பு வந்துவிட்டால் வாங்கிவிடுங்கள்.

ஜூம் வேண்டுமா என்பது அடுத்தது. பள்ளி மேடையில் குழந்தை, கல்யாண வீட்டில் தூரத்து மணமேடை என்றால் வேண்டும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை 2012இல் தொடங்கியது. 2014இல் வந்த மூன்றாம் மாடலில் லென்ஸ் நல்ல வெளிச்சம் வாங்கும், வியூஃபைண்டரும் மேலே எழும்பி வரும். 2019இல் வந்த ஏழாம் மாடல் இன்னும் தூரம் எட்டும், ஆனால் லென்ஸ் வாங்கும் வெளிச்சம் குறைவு. ஜிஆரில் ஜூம் கிடையாது. நாம்தான் நடக்க வேண்டும். அதற்குப் பதிலாக 'ஸ்னாப் ஃபோகஸ்' என்ற வசதி இருக்கிறது. ஜிஆர் 3இல் தூரத்தை 2 மீட்டர், அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துளையை எஃப் 8 என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், ஏறத்தாழ 1 மீட்டர் முதல் தெருக்கோடி வரை தெளிவாக விழும். பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா தேடிக்கொண்டிருக்காது, எடுத்துவிடும். ஜப்பானியத் தெருப் புகைப்படக் கலைஞர் தைதோ மொரியாமா இந்த வரிசைக் கேமராக்களோடு பல்லாண்டு தெருவில் நடந்தவர்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜிஆர் 3 பேட்டரி 200 படங்களுக்கு மேல் தாங்குவது சிரமம். இன்னொன்று கட்டாயம் வேண்டும். ஃபிளாஷ் இல்லை. தூசி, நீர் புகாத கட்டமைப்பும் இல்லை. உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் என்பதால் தூசி நுழைந்து சென்சாரில் உட்காரும். ஆடிக் காற்றிலும் கடற்கரையிலும் ஜிப் வைத்த சின்னத் துணிப்பையில் போட்டு வையுங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் ஒரு சோதனை. அப்பர்ச்சரை இருப்பதிலேயே சிறிய துளைக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நாலைந்து முறை அணைத்துப் போடுங்கள். லென்ஸ் திக்காமல், கரகரக்காமல் வர வேண்டும்.

நம் வாசகிக்கு என் பரிந்துரை, 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ். அதே உடம்பு, அதே சென்சார். லென்ஸ் மட்டும் 28க்குப் பதில் 40 மி.மீ. கோணம். 28இல் தெரு விரிந்து விழும்; ஆனால் முகத்துக்கு மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகிவிடும். 40இல் பாட்டியின் எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே எடுக்கலாம். 2025இல் ஜிஆர் 4 வந்திருக்கிறது, 28 கோணத்தில். உங்களுக்கு அது அவசியமில்லை.

வாங்கியதும் முதல் படத்தைப் பாட்டியிடமிருந்தே தொடங்குங்கள். அச்செடுத்து ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். இன்னொன்றை எங்களுக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்